இடக்கைக்காரருக்கு எது முதன்மைக் கை?

சைகை மொழி வகுப்புக்கு வரும் இடக்கைக்காரர்கள் பெரும்பாலும் முதல் நாளே கேட்டுவிடும் கேள்வி இது: "நான் இடது கையாலேயே செய்யலாமா, இல்லை வலது கைக்கு மாறிக்கொள்ள வேண்டுமா?" இடது கையாலேயே செய்யுங்கள். மாற வேண்டியதில்லை. மனிதர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் இடக்கைக்காரர். காதுகேளாதோரிலும் இடக்கைக்காரர்கள் இருக்கிறார்கள். சைகையைத் தாய்மொழியாகக் கொண்டு, இடது கையை முன்னிறுத்தியே பேசி வளர்ந்தவர்கள் அவர்களில் பலர். அவர்கள் பேசுவது எல்லோருக்கும் புரிகிறது. நீங்கள் பேசுவதும் புரியும்.

இந்தப் பதிலோடு பல வகுப்புகளில் பேச்சு முடிந்துவிடுகிறது. கற்பவர் தடுமாறுவதோ அதற்குப் பிறகுதான். இரண்டு கையும் சேர்ந்து செய்யும் சைகையில் எந்தக் கை அசைய வேண்டும், எது அசையாமல் நிற்க வேண்டும்? ஆசிரியர் செய்வதில் எதை இடம் வலமாகத் திருப்பிக்கொள்வது, எதைத் திருப்பவே கூடாது? இந்த இரண்டும் தெளிந்துவிட்டால் இடக்கைக்காரருக்கென்று தனித் தொல்லை எதுவும் மிஞ்சாது.

முதலில் பெயர்களைச் சரிசெய்துகொள்வோம். அகராதிகளிலும் பாடப் புத்தகங்களிலும் "வலது கையை இப்படி வையுங்கள், இடது கையை அப்படி வையுங்கள்" என்று இருக்கும். அந்த இடங்களில் முதன்மைக் கை, துணைக் கை என்று மாற்றிப் படியுங்கள். வேலையைச் செய்வது முதன்மைக் கை. அதற்குத் தளமாகவோ இணையாகவோ நிற்பது துணைக் கை. ஒற்றைக் கைச் சைகை முழுவதும் முதன்மைக் கையின் பொறுப்பு. இந்தியச் சைகை மொழியில் மீசையை முறுக்குவதுபோல் செய்தால் ஆண். மூக்குத்தி போடும் இடத்தைச் சுட்டுவிரலால் தொட்டால் பெண். வலக்கைக்காரர் முகத்தின் வலப்பக்கம் செய்வதை நீங்கள் இடப்பக்கம் செய்வீர்கள். கட்டைவிரலை உயர்த்தினால் நல்லது, சுண்டுவிரலை நீட்டினால் கெட்டது; எந்தக் கையின் விரல் என்பதால் பொருள் மாறாது. மணிக்கட்டைத் தட்டி நேரத்தைக் குறிக்கும்போது உங்கள் இடது சுட்டுவிரல் வலது மணிக்கட்டைத் தட்டும். கைக்கடிகாரத்தை எந்தக் கையில் கட்டியிருக்கிறீர்கள் என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

நம் ஊரில் இன்னொரு தயக்கமும் உண்டு. சோறு சாப்பிடுவது, காசு கொடுப்பது, திருநீறு வாங்குவது எல்லாம் வலக்கையால்தான் என்று வளர்ந்தவர்கள் நாம். பெரியவர் ஒருவரின் முகத்துக்கு நேரே இடது கையை உயர்த்திப் பேசுவது மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று கை தானாகவே பின்வாங்கும். சைகை மொழியில் கை அசைவதுதான் பேச்சு. பெரியவருக்குத் தண்ணீர்ச் செம்பை நீட்டும்போது வலக்கையால் நீட்டுங்கள். அவரிடம் பேசும்போது உங்கள் கையால் பேசுங்கள். காதுகேளாத பெரியவர்கள் இந்த வேறுபாட்டை நன்றாக அறிந்தவர்கள். முகத்தைச் சுளிப்பவர்கள் பெரும்பாலும் சைகை மொழி தெரியாத, பக்கத்தில் நின்று பார்க்கிறவர்கள்தான்.

உங்கள் கை எது?

சிலருக்கு இதுவே தெளிவாக இருக்காது. சின்ன வயதில் இடது கையால் பென்சிலைப் பிடித்தபோது கையில் அடித்து வலது கைக்கு மாற்றப்பட்டவர்கள் நம்மிடையே நிறையப் பேர். எழுதுவதும் சாப்பிடுவதும் வலக்கையால். பந்து வீசுவதும் ஆணி அடிப்பதும் இடக்கையால். இவர்களிடம் "எந்தக் கையால் எழுதுகிறீர்கள்?" என்று கேட்டு முடிவு செய்வது தவறு, ஏனென்றால் எழுதும் கை அவர்களுக்காகப் பிறர் தேர்ந்தெடுத்த கை.

யாரும் சொல்லித்தராத வேலைகளைக் கவனியுங்கள். தீப்பெட்டியை எடுத்து உரசும்போது குச்சி எந்தக் கையில் இருக்கிறது? இறுகிய பாட்டில் மூடியை எந்தக் கை திருகுகிறது? கல்லை எடுத்துத் தூரமாக எறியச் சொன்னால் எந்தக் கை எழும்? வெங்காயம் நறுக்கும்போது கத்தி எதில், வெங்காயம் எதில்? ஒரு கை பிடித்திருக்க மறு கை வேலை செய்யும் காரியங்கள்தான் சைகை மொழிக்கு நெருக்கமானவை. அவற்றில் வேலை செய்யும் கையே உங்கள் முதன்மைக் கை. அதிலும் விடை பாதிக்குப் பாதியாக வந்தால், அதாவது இரு கைப் பழக்கம் இருந்தால், உங்கள் பெயரை விரலெழுத்தால், அதாவது ஒவ்வோர் எழுத்தாகக் கைவிரல்களால் காட்டி, இரண்டு விதமாகவும் சில நாள் செய்து பாருங்கள். வேகம் கூட்டும்போது எந்தக் கை சிக்காமல் போகிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுத்த பிறகு மாற்றாதீர்கள். இரு கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு வலக்கையைப் பரிந்துரைக்கலாம், பாடப்பொருள்கள் பெரும்பாலும் அப்படியே இருப்பதால். இடக்கைக்காரருக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. முதன்மைக் கையின் நுணுக்கமான விரல் வேலையைப் பழகாத கையிடம் கொடுத்தால் தெளிவும் போகும், வேகமும் வராது.

வலக்கையால் செய்தால்தான் மூளையில் மொழி சரியாக ஏறும் என்று சொல்லிப் பயமுறுத்துபவர்களும் உண்டு. அதை நம்ப வேண்டாம். காதுகேளாதோரை ஆராய்ந்து ஹோவர்ட் பாய்ஸ்னர், எட்வர்ட் கிளிமா, உர்சுலா பெலூகி மூவரும் 1987இல் வெளியிட்ட நூல் ஒன்றைத் தெளிவாக்கியது: பேச்சு மொழியைப் போலவே சைகை மொழியும் முதன்மையாக மூளையின் இடப்பாதியைச் சார்ந்திருக்கிறது. இடக்கைக்காரர்களிலும் பெரும்பாலோருக்கு மொழி இடப்பாதியில்தான் இருக்கிறது. கையை மாற்றுவதால் மொழி நன்றாக ஏறிவிடப் போவதில்லை.

இரண்டு கையும் சேரும்போது

இரு கைச் சைகைகளைப் பார்த்தவுடன் இடக்கைக்காரர் மிரள்வார். மிரளத் தேவையில்லாதபடி அவற்றுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அமெரிக்கச் சைகை மொழியை 1970களில் ஆராய்ந்த ராபின் பேட்டிசன் அதை இரண்டு விதிகளாகச் சொன்னார். இரண்டு கையும் அசைந்தால், இரண்டின் வடிவமும் ஒன்றாக இருக்கும். அசைவும் ஒத்தோ மாறிமாறியோ இருக்கும். இரண்டு கையின் வடிவமும் வேறு வேறாக இருந்தால், ஒரு கைதான் அசையும், மற்றது நிற்கும். நிற்கும் கைக்கும் எளிய வடிவங்களே வரும்: மூடிய முஷ்டி, தட்டையான கை, விரல் அகற்றிய கை, நீட்டிய சுட்டுவிரல், வளைத்த கை, வட்டமாகக் குவித்த கை. பிற நாட்டுச் சைகை மொழிகளிலும் இவை பெரும்பாலும் பொருந்துகின்றன என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின.

இதை மனத்தில் வைத்துக்கொண்டால் புதுச் சைகை எதைப் பார்த்தாலும் உங்களுக்கு ஒரு சோதனை கையில் இருக்கும். வணக்கம் போல இரு கையும் சமமாக நிற்கும் சைகை என்றால் இடக்கை வலக்கை என்ற கேள்வியே எழாது, அப்படியே செய்யலாம். இரண்டும் வேறு வேறு வடிவம் என்றால், எளிய வடிவத்தோடு நிற்கும் வேலை உங்கள் வலது கைக்கு. உங்கள் வலது கை கடினமான விரல் வடிவத்தைப் பிடித்துக்கொண்டு அசைவதாகக் கண்டால், ஆசிரியரின் கைகளை அப்படியே பெயர்த்து எடுத்துக்கொண்டீர்கள் என்று பொருள். நிறுத்தி, மாற்றிச் செய்யுங்கள்.

இந்த வேறுபாடு ஒவ்வொரு நிமிடமும் தேவைப்படுவது விரலெழுத்தில். அமெரிக்கச் சைகை மொழியில் ஆங்கில எழுத்துகளை ஒரு கையாலேயே காட்டுவார்கள். இடக்கைக்காரர் இடக்கையால் காட்டினால் போதும். இந்தியச் சைகை மொழியில் ஆங்கில எழுத்துகளுக்குப் பரவலாக வழங்குவது பிரிட்டனில் உள்ளதைப் போன்ற இரு கை முறை. உயிரெழுத்துகள் ஐந்தும் துணைக் கையின் ஐந்து விரல் நுனிகளில் இருக்கும்: கட்டைவிரலைத் தொட்டால் ஏ, சுட்டுவிரல் ஈ, நடுவிரல் ஐ, மோதிரவிரல் ஓ, சுண்டுவிரல் யூ. தொடுவது முதன்மைக் கையின் சுட்டுவிரல். எம் என்றால் மூன்று விரல், என் என்றால் இரண்டு விரல் துணைக் கையின் உள்ளங்கையில் படியும். நீங்கள் செய்யும்போது வலது கை விரிந்து நிற்கும், இடது கை அதன்மேல் எழுதும்.

இங்கே ஒரு நுணுக்கம். பிரிட்டன் முறையில் ஜே எழுத்துக்கு நடுவிரல் நுனியில் தொடங்கி உள்ளங்கை வழியாகக் கட்டைவிரலுக்குக் கோடு இழுப்பார்கள். வலக்கைக்காரர் தன் இடது உள்ளங்கையில் இழுத்துப் பார்த்தால் அது அச்செழுத்து ஜே போலவே தெரியும். உங்கள் வலது உள்ளங்கையில் நீங்கள் இழுத்தால் திரும்பிய ஜேயாகத் தெரியும். அதைச் "சரிசெய்ய" முயலாதீர்கள். எந்த விரலிலிருந்து எந்த விரலுக்கு என்பதுதான் அந்தச் சைகை. உங்கள் கண்ணுக்கு எழுத்து நேராகத் தெரிகிறதா என்பது கணக்கில் இல்லை.

விரலெழுத்துப் பயிற்சியில் வலது கையை அசையாமல் வைத்திருக்கப் பழகுங்கள். வலக்கையால் எழுதப் பழக்கப்பட்ட இடக்கைக்காரர்களுக்கு இதுதான் கடினம். துணைக் கை தானும் உதவ வேண்டும் என்று முன்னால் வந்து விரலைத் தொடும். இரண்டும் நடுவில் சந்தித்தால் எந்தக் கை எழுதுகிறது என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. வலது முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றிக்கொண்டு, வீட்டில் உள்ளவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக மெதுவாக எழுதுங்கள். ஊன்றாமலே கை நிற்கும்வரை வேகம் கூட்ட வேண்டாம்.

திருப்பக் கூடாதவை

சைகையின் வடிவம் திரும்பலாம், உலகம் திரும்பாது. இடக்கைக்காரர்களுக்கான அறிவுரைகளில் இது அடிக்கடி விடுபட்டுப்போகிறது. அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

வழி சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். "கோயில் தாண்டியதும் இடப்பக்கம் திரும்பு" என்றால் உங்கள் கை உங்கள் இடப்பக்கமே போக வேண்டும், ஆசிரியர் அவருடைய இடப்பக்கம் காட்டியதைப் போல. எதிரே அமர்ந்து அவரைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் பின்பற்றிப் பழகிய இடக்கைக்காரர் கை இங்கே வலப்பக்கம் போய்விடும். வந்தவர் வேறு தெருவில் நிற்பார். வரைபடமும் இப்படித்தான். காற்றில் தமிழ்நாட்டை வரைந்து காட்டினால் சென்னை மேலே உங்கள் வலப்பக்கம், கேரளம் உங்கள் இடப்பக்கம். வரையும் கை இடது என்பதற்காக வங்கக் கடல் மேற்கே போய்விடாது. சாலை விபத்தை விவரிக்கும்போது எந்த வண்டி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதும் நடந்தபடியே இருக்க வேண்டும். காவல் நிலையத்தில் மொழிபெயர்க்கும் நிலை வந்தால் இந்த ஒன்றில் பிசகினால் வழக்கே மாறிவிடும்.

உடலும் அப்படியே. நோயாளி அடிவயிற்றின் வலப்பக்கம் வலிக்கிறது என்று காட்டினால், அதை மருத்துவருக்குச் சொல்லும்போதும், ஆசிரியர் காட்டியதைப் பயிற்சியில் மறுபடி செய்யும்போதும் வலப்பக்கம்தான். இதயம் மார்பில் எங்கே இருக்கிறதோ அங்கேயே காட்டுங்கள். இடது கையால் வலப்பக்கத்தைத் தொட வேண்டியிருந்தால் உடலைக் கடந்து தொடுங்கள், அல்லது அந்த ஒரு சுட்டலுக்கு வலது கையைப் பயன்படுத்துங்கள். சுட்டுவதற்கு எந்தக் கையும் ஆகும்.

அறையில் இருப்பவர்களைச் சுட்டும்போது அவர்கள் இருக்கும் திசைதான் கணக்கு. கொடு, கேள் போன்ற வினைகள் பல சைகை மொழிகளில் செய்பவரிடமிருந்து பெறுபவரை நோக்கி நகரும். அப்பா உங்கள் வலப்பக்கமும் தங்கை இடப்பக்கமும் இருந்தால், "அப்பா தங்கைக்குக் கொடுத்தார்" என்பது வலமிருந்து இடம் போகும். கை எதுவானாலும் பாதை ஒன்றே.

அவர்கள் அறையில் இல்லாவிட்டால் நமக்கு முன்னால் உள்ள வெற்றிடத்தில் ஓர் இடத்தை அவர்களுக்கு ஒதுக்கிவிட்டுப் பேசுவோம். எந்தப் பக்கம் யாருக்கு என்பதை அப்போது நீங்களே தீர்மானிக்கலாம். முதல் ஆளை முதன்மைக் கையின் பக்கம் வைப்பது வசதி, ஆகவே உங்களுக்கு இடப்பக்கம். ஒதுக்கிய பிறகு கடைசிவரை அதைக் காப்பாற்றுங்கள். இதில்தான் கையை அடிக்கடி மாற்றுவதன் கேடு தெரியும். அண்ணனை ஒருபுறமும் தம்பியை மறுபுறமும் வைத்து ஒப்பிடும்போது, தேர்ந்தவர்கள் இடப்பக்கத்து ஆளுக்கு இடக்கையையும் வலப்பக்கத்து ஆளுக்கு வலக்கையையும் கொண்டுவருவார்கள். கை மாறுவது அங்கே ஆள் மாறுவதைச் சொல்கிறது. நீங்கள் காரணமில்லாமல் கையை மாற்றினால் எதிரில் இருப்பவர் அதற்கும் பொருள் தேடுவார்.

ஆசிரியரைப் பார்ப்பது எப்படி

வகுப்பில் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. பலர் அதை அறிவதில்லை. வலக்கைக்கார ஆசிரியர் எதிரே நின்றால் அவருடைய வலது கை உங்கள் இடது கைக்கு நேரே இருக்கும். வலக்கை மாணவர் மனத்துக்குள் அவரைத் திருப்பிக்கொண்டு செய்ய வேண்டும். நீங்கள் பார்த்தபடியே செய்யலாம். ஆகவே சொற்களைக் கற்கும் பாடங்களில் ஆசிரியருக்கு நேர் எதிரே உட்காருங்கள். திசை, வழி, உடல் உறுப்பு பற்றிய பாடங்களில் மட்டும் இந்த வசதி பொறியாகிவிடும். அந்த நாட்களில் ஆசிரியருக்குப் பக்கத்தில், அவர் பார்க்கும் திசையையே பார்த்து நின்று கற்றுக்கொள்ள அனுமதி கேளுங்கள்.

வீட்டுப் பயிற்சிக்கும் இதே கணக்கு. இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2015இல் டெல்லியில் நிறுவப்பட்டது. அதன் அகராதி 2021இல் 10,000 சொற்களை எட்டியது, காணொளிகளாகப் பார்க்கலாம். இத்தகைய காணொளிகளில் பெரும்பாலும் வலக்கைதான் முன்னிற்கும். பக்கத்தில் ஒரு நிலைக்கண்ணாடியை வைத்து அதன்முன் நீங்கள் இடது கையால் செய்யுங்கள். கண்ணாடியில் தெரியும் நீங்களும் திரையில் தெரியும் அவரும் ஒரே பக்கக் கையை அசைப்பதாகத் தெரியும். உள்ளங்கை திரும்பியிருக்கும் கோணம், விரல் படும் இடம் எல்லாவற்றையும் நேருக்கு நேர் ஒப்பிட்டுவிடலாம்.

கைபேசியில் பதிவு செய்து பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முன்பக்கக் கேமரா, பதிவாகும்போது கண்ணாடி போலத் திருப்பிக் காட்டும். சேமித்த பிறகு சில கைபேசிகள் நேராக்கிவிடும், சில அப்படியே விடும். பதிவின் தொடக்கத்தில் ஒரு செய்தித்தாளைக் காட்டிவிடுங்கள். எழுத்து நேராக இருந்தால் படம் நேர். தலைகீழாகாமல் இடம் வலம் மாறியிருந்தால் படம் திரும்பியிருக்கிறது. ஆசிரியருக்குப் பதிவை அனுப்பும்போது இது முக்கியம், இல்லையென்றால் நீங்கள் சரியாகக் காட்டிய திசையைத் தவறு என்று திருத்தி அனுப்புவார்.

பாடக் காணொளிகளையே செயலியால் திருப்பிப் பார்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆரம்பத்தில் ஓரிரு கடினமான இரு கைச் சைகைகளுக்குச் செய்யலாம். வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். நீங்கள் சந்திக்கப்போகும் பத்தில் ஒன்பது பேர் வலக்கைக்காரர்கள். அவர்கள் பேசுவதைப் படிக்கும் கண் உங்களுக்கு வேண்டும்.

வகுப்புக்கு வெளியே

முதல் வகுப்பிலேயே, நீங்கள் இடக்கைக்காரர் என்று ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் ஒவ்வொரு சைகையிலும் கை மாறிவிட்டது என்று நினைத்துத் திருத்திக்கொண்டே இருப்பார். வலக்கையால்தான் செய்ய வேண்டும் என்று வற்புறுத்தினால், பணிவாகவும் உறுதியாகவும் மறுங்கள். வரிசையாக உட்காரும் வகுப்பில் வரிசையின் இடது ஓரத்தைப் பிடித்துக்கொண்டால் பக்கத்து மாணவரோடு முழங்கை மோதாது. மேடையில் பலர் சேர்ந்து ஒரு பாடலைச் சைகையில் நிகழ்த்தும்போது எல்லாக் கைகளும் ஒரே பக்கம் எழ வேண்டும் என்று இயக்குபவர் விரும்பக்கூடும். அந்த ஒரு நிகழ்ச்சிக்கு வலக்கையால் ஒத்திகை பார்த்துச் செய்வதில் தவறில்லை. அன்றாடப் பேச்சை அதற்காக மாற்றாதீர்கள்.

ஒரு கையில் பை இருக்கும். பேருந்தில் ஒரு கை கம்பியைப் பிடித்திருக்கும். காதுகேளாதோர் அப்போது மறு கையால் மட்டும் பேசுவதைப் பார்ப்பீர்கள். இரு கையும் ஒத்து அசையும் சைகைகளில் துணைக் கையை விட்டுவிட்டாலும் புரியும். கூடுமானவரை வலது கையால் கம்பியைப் பிடித்து இடது கையைப் பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முடியாதபோது வலது கையாலும் பேசலாம். அந்தச் சூழலில் கை ஏன் மாறியது என்று எதிரில் இருப்பவருக்குக் கண்ணெதிரே தெரியும்.

காதுகேளாத குழந்தைக்காகச் சைகை கற்கும் பெற்றோருக்கு இன்னொரு கவலை: "நான் இடக்கைக்காரி, என் பிள்ளை என்னைப் பார்த்துத் தவறாகக் கற்றுக்கொள்ளுமோ?" கற்றுக்கொள்ளாது. வலக்கைக்காரப் பெற்றோர் பேசும் வீட்டில் இடக்கைக் குழந்தை தன் இடது கையால் பேசுகிறது. உங்கள் வீட்டில் வலக்கைக் குழந்தை வலது கையால் பேசும். குழந்தையை மடியில் வைத்து அதன் கைகளைப் பிடித்துச் சைகை காட்டும்போது மட்டும், உங்கள் முதன்மைக் கையை ஒட்டி அதன் இடது கையையே எப்போதும் இயக்காதீர்கள். பொம்மையை நீட்டினால் எந்தக் கை முதலில் வருகிறது என்று கவனித்து, அந்தக் கைக்குச் சொல்லிக்கொடுங்கள். மிகச் சிறிய குழந்தைகளுக்கு இது இன்னும் நிலைபெற்றிருக்காது. இன்று ஒரு கை, நாளை மறு கை என்று வரும். அதைத் திருத்தாமல், நீங்கள் மட்டும் உங்கள் இடது கையிலேயே நில்லுங்கள்.